ஜேபெக் போதுமா, ரா வேண்டுமா?

கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ராவில் எடுங்க. ஜேபெக்கில் எடுத்தா எல்லாம் வேஸ்ட்." ரா, ஜேபெக் இரண்டும் கேமரா படத்தைச் சேமிக்கும் ஃபைல் வகைகள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அதைக் கேட்டு ராவுக்கு மாறிய பலருடைய ஹார்டு டிஸ்க்கில் போன வருஷத்துப் பொங்கல் இன்னும் திறக்கப்படாமலே கிடக்கிறது. "அந்த ஃபோட்டோவை அனுப்புப்பா" என்று ஊரிலிருந்து கேட்ட அத்தையும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் சென்சார் உள்ள ஒரு டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமராவை வைத்துக்கொண்டு குடும்பம், ஊர், பயணம், விழா என்று எடுப்பவருக்குப் பெரும்பாலான நாட்களில் ஜேபெக்தான் சரியான தேர்வு. சில வெளிச்சங்களில் மட்டும் அது கைவிட்டுவிடும். அங்கே ராவுக்கு மாற்றே கிடையாது. அந்த வெளிச்சம் எது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். மற்ற சண்டையெல்லாம் தேவையில்லாதது.

கேமராவுக்குள் என்ன நடக்கிறது

சென்சாருக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும்தான் ஒவ்வொரு பிக்சலும் அளக்கும். அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதோ ஒரு நிற வடிகட்டியை வைத்திருப்பார்கள்: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயருக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு இது. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இதுதான் இருக்கிறது. ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம்தான் தெரியும் என்பதால், மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கணக்குப் போட வேண்டும். அப்புறம் ஒயிட் பேலன்ஸ் (எந்த விளக்கின் கீழும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரி செய்வது), கான்ட்ராஸ்ட், நிற அழுத்தம், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கறை) குறைப்பு, ஷார்ப்னஸ், லென்ஸின் வளைவைத் திருத்துவது. இவ்வளவும் முடிந்தால்தான் அது கண்ணுக்குப் படமாகத் தெரியும்.

சென்சார் அளந்ததை 12 அல்லது 14 பிட்டில் எழுதி வைத்துவிட்டு, மேலே சொன்ன வேலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ரா. எல்லா வேலையையும் கேமராவே கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்து, 8 பிட்டாகக் குறைத்து, படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் அதிகம் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு எழுதுவது ஜேபெக். கழித்தது கழித்ததுதான், திரும்ப வராது. 14 பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். 8 பிட் என்றால் 256. இந்த இரண்டு எண்களையும் காட்டித்தான் ஜேபெக்கை மட்டம் தட்டுவார்கள். ஆனால் நீங்கள் படம் பார்க்கும் மானிட்டர்களில் பெரும்பாலானவையும், ஆல்பம் அச்சடிக்கும் லேப் வாங்கிக்கொள்ளும் ஃபைலும் 8 பிட்தான். அந்த 16,384 படிகள் உதவுவது படத்தை இழுத்து, நெளித்து, மாற்றும்போதுதான். மாற்றவே தேவையில்லாத படத்தில் அவை சும்மா இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ராவில் எடுக்கும்போதும் கேமராவின் பின்திரையில் நீங்கள் பார்ப்பது ஜேபெக்தான். ரா ஃபைலுக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கும் முன்னோட்டப் படம் அது. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும் அதிலிருந்துதான் வருகிறது. எனவே "நான் ரா ஆளு, கேமரா செட்டிங்ஸ் பற்றிக் கவலையில்லை" என்பவர், எக்ஸ்போஷர் (பதிவாகும் வெளிச்சத்தின் அளவு) சரியா என்று முடிவு செய்வதென்னவோ அந்தச் செட்டிங்ஸ் காட்டும் படத்தைப் பார்த்துத்தான்.

கல்யாண மண்டபத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்தால்

இந்த ஒப்பீட்டுக்கு நம் ஊர் ரிசப்ஷன் மேடையைவிடக் கடுமையான இடம் கிடையாது. பின்னால் ஊதாவும் ரோஸுமாக மாறிக்கொண்டே இருக்கும் எல்இடி விளக்குகள். மேலே மஞ்சள் சீரியல் பல்புகள். முன்னால் வீடியோக்காரரின் வெள்ளை லைட். பக்கத்துக் கதவு திறந்தால் உள்ளே வரும் பகல் வெளிச்சம். மாப்பிள்ளையின் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் ரோஸ். ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதிதாக யோசிக்கும். மேடையேறிய குடும்பம் பச்சைப் பட்டு கட்டியிருந்தால் ஒரு முடிவு, அடுத்து வந்தவர்கள் மஞ்சள் கட்டியிருந்தால் வேறு முடிவு. தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. 12-க்கு 36 இன்ச் ஆல்பத் தாளில் நான்கு படங்களை வரிசையாக ஒட்டும்போதுதான் மணப்பெண்ணுக்கு நான்கு நிறத்தில் முகம் இருப்பது தெரியும்.

ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது ஃபைலோடு போகும் ஒரு குறிப்பு மட்டுமே. வீட்டுக்கு வந்து ஒரு படத்தில் சரி செய்து, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற படங்களுக்கெல்லாம் அப்படியே ஒட்டிவிடலாம். படத்துக்கு ஒரு சேதமும் இல்லை. ஜேபெக்கில் நிறங்களைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கணக்கெல்லாம் முடிந்து, சுருக்கியும் ஆயிற்று. மஞ்சள் பல்பின் கீழ் நீல நிறத்துக்கு ஏற்கெனவே பஞ்சம். தப்பான ஒயிட் பேலன்ஸில் பதிவான ஜேபெக்கில் நீலத்தை ஏற்றினால் தோல் திட்டுத் திட்டாக வரும், நிழல் பகுதியில் நாய்ஸ் கொப்பளிக்கும். லேசான மஞ்சளைக் குறைக்கலாம். முழுத் தவறைத் திருத்த முடியாது.

இதே மண்டபத்தில் மறுநாள் காலை முகூர்த்தம். இப்போது மேடையில் ஒரே மாதிரியான வெள்ளை வீடியோ லைட், அதுவும் இடம் மாறாமல் நிற்கிறது. இங்கே ஜேபெக் தாராளமாகப் போதும், ஒரு நிபந்தனையோடு: ஒயிட் பேலன்ஸை நீங்களே செட் செய்ய வேண்டும். மேடையில் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடிக்கச் சொல்லி, அதைப் படமெடுத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸில் போட்டுவிட்டால் முடிந்தது. அட்டை இல்லை என்று மாப்பிள்ளையின் மாமா கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியைக் கேமராவுக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த வேட்டி சொட்டு நீலம் போட்டு அலசியது. கேமரா அந்த நீலத்தைச் "சரி செய்யும்". விளைவு, கூட்டத்தில் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை.

அடுத்தது கூறைப் புடவை. அரக்கோ சிவப்போ, நல்ல அடர்த்தியான பட்டு. கேமராவை "விவிட்" நிற அமைப்பில் வைத்து ஜேபெக் எடுத்தால் சிவப்பு நிறம் மட்டும் தனியாக உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத்தான் தெரியும். சிவப்புக்கான தனி வரைபடத்தைப் பார்த்தால் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். புடவையின் மடிப்பு, நெசவு, உள்ளே ஓடும் கட்டம் எல்லாம் கரைந்து, சிவப்புப் பெயின்ட் அடித்த தட்டு மாதிரி ஆகிவிடும். போதாக்குறைக்கு, ஜேபெக் சுருக்கும்போது வெளிச்ச விவரத்தைவிட நிற விவரத்தைத்தான் அதிகமாகக் குறைக்கும். அதனால் சிவப்பும் ஜரிகையும் சந்திக்கும் கரையோரம் லேசாகக் கலங்கும். ராவில் அந்த மடிப்புகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், ஏனென்றால் உச்சம் தொட்டது சென்சாரில் அல்ல, அதற்குப் பிறகு நிறத்தை அழுத்திய கணக்கில். ஜேபெக் எடுப்பவர் நிற அமைப்பை "நியூட்ரல்" ஆக்கி, நிற அழுத்தத்தை ஒரு படி இறக்கி, எக்ஸ்போஷரை மைனஸ் மூன்றில் இரண்டு வைத்தால் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடலாம். ஆனால் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். மணப்பெண் மணவறைக்கு வந்து உட்கார்ந்த பிறகு மெனுவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவர் என்றால் எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை: ரா. தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. (சொல்கிற ஃபோட்டோகிராஃபர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை.) கேமராவோடு வந்த உறவினர் என்றால் ஜேபெக். மதியச் சாப்பாட்டுக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போய்ச் சேருவதுதான் அவரிடம் எதிர்பார்ப்பது. வாட்ஸ்அப் எப்படியும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். முழு அளவில் போக வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

வெயிலும் நிழலும்

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசைக்குள் நின்று, வெயில் அடிக்கும் நடு முற்றத்தைப் பாருங்கள். உள்ளே மங்கல், வெளியே கண் கூசும் வெளிச்சம். ஜேபெக்கில் தூணுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் முற்றம் வெளுத்துப்போகும். முற்றத்துக்கு வைத்தால் தூண்கள் கறுப்பாகிவிடும். ராவில் முற்றத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து எடுத்து, நிழலை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) வரை தூக்கினாலும் இன்றைய சென்சார்கள் தாங்கும். அதே அளவு ஜேபெக்கைத் தூக்கினால் 8-க்கு 8 கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

ஆனால் ஜேபெக் இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. நிகானில் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனனில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், சோனியில் டிஆர்ஓ என்று ஒவ்வொன்றிலும் நிழலைத் தூக்கிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. ஃபியூஜிஃபில்மின் டிஆர்400 அதைவிடத் துணிச்சலாக, வெயிலைக் காப்பாற்றுவதற்காகக் குறைவான வெளிச்சத்தில் பதிவு செய்து, பிறகு நிழலை மட்டும் ஏற்றிக் கொடுக்கும்; அதற்கு ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்ணை, கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். இவையெல்லாம் சென்சாரின் முழு விவரமும் கையில் இருக்கும்போதே, அதாவது 8 பிட்டாகச் சுருக்குவதற்கு முன்னாலேயே, வேலை செய்கின்றன. அதனால்தான் வீட்டில் ஜேபெக்கை இழுப்பதைவிட நன்றாக வருகிறது. பயணத்தில் எடுக்கும் படங்களில் முக்கால்வாசிக்கு இது போதும்.

ராவைப் பற்றிய ஒரு நம்பிக்கையையும் இங்கே உடைத்துவிடலாம். வெளுத்துப்போனதையெல்லாம் ரா மீட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டு கவனமில்லாமல் எடுக்கிறார்கள். ஜேபெக்கில் வெளுத்த இடத்துக்கு மேல் ராவில் ஒரு ஸ்டாப் அளவுக்கு விவரம் மிச்சம் இருக்கும் என்பது ஏறக்குறைய உண்மை. அதற்கு மேல் சென்சாரே நிரம்பி வழிந்திருந்தால் ராவிலும் அந்த இடம் வெறும் வெள்ளைதான். உச்சி வெயிலில் கோபுரத்துக்குப் பின்னால் காணாமல்போன வானத்தை எந்த மென்பொருளும் தேடித் தராது. வேறொரு வானத்தை ஒட்டித் தரும், அவ்வளவுதான்.

குத்துவிளக்கு வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ 6400-இல் எடுப்பது வேறு வகை. அங்கே கேமராவின் நாய்ஸ் குறைப்பு முகத்தை மெழுகாக்கிவிடும். ராவில் எடுத்தால் எவ்வளவு நாய்ஸ் இருக்கலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். 2023 ஏப்ரலில் அடோபியின் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமில் செயற்கை நுண்ணறிவு நாய்ஸ் நீக்கம் வந்தபோது அது ரா ஃபைல்களுக்கு மட்டுமே வேலை செய்தது. இருட்டில் அடிக்கடி எடுப்பவருக்கு ராவின் பக்கம் போக இது ஒன்றே போதுமான காரணம்.

வேகம் கேட்கும் இடங்கள்

24 மெகாபிக்சல் ரா, இழப்பில்லாமல் சுருக்கியது, சுமாராக 25 முதல் 30 எம்பி. அதே படத்தின் உயர்தர ஜேபெக் சுமாராக 10 எம்பி. கார்டில் எத்தனை படம் பிடிக்கும் என்பது இன்றைக்குப் பெரிய விஷயமில்லை, கார்டு விலை குறைந்துவிட்டது. எழுதும் வேகம்தான் விஷயம். நொடிக்கு 10 படம் எடுத்தால் ராவுக்கு 280 எம்பி போல எழுத வேண்டும். நம்மில் பலர் வைத்திருக்கும் யுஎச்எஸ்-1 கார்டின் உச்ச வேகமே நொடிக்கு 104 எம்பி. கேமராவின் உள் நினைவகம் சில நொடிகளில் நிரம்பிவிடும், அப்புறம் ஷட்டர் தடுமாறும். ஜேபெக்கில் அதே கேமரா வெகுநேரம் மூச்சு விடாமல் ஓடும்.

வேடந்தாங்கலில் காலை வெயிலில் நத்தைகுத்தி நாரை கூட்டுக்கு இறங்குவதை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் ஒரே சீராக இருக்கிறது, ஒயிட் பேலன்ஸ் சிக்கல் இல்லை. இறக்கையின் வெள்ளை வெளுக்காமல் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கினால் போதும். இங்கே நான் ஜேபெக் பக்கம். நாரை கால்களை விரித்து இறங்கும் அந்த ஒரு நொடி தப்பினால், தப்பாத படங்களின் 14 பிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செய்திப் படக்காரர்கள் இந்த முடிவை எப்போதோ எடுத்துவிட்டார்கள். மைதானத்தின் ஓரத்திலிருந்து கேமராவே நேராகப் படத்தை அலுவலகத்துக்கு அனுப்புகிறது. ராவைப் பிரித்துக்கொண்டிருந்தால் போட்டி நிறுவனத்தின் படம் முதலில் போய்விடும். 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் சுயாதீனப் படக்கலைஞர்களிடம், ராவிலிருந்து உருவாக்கிய படங்களை இனி அனுப்ப வேண்டாம், கேமராவிலேயே உருவான ஜேபெக்கை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. வேகம் ஒரு காரணம். படம் கண்ட காட்சிக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், எடிட்டில் வேறொன்றாகிவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணம் எனக்கு முழுதாகச் செரிக்கவில்லை. ஜேபெக்கிலும் கான்ட்ராஸ்ட்டை முறுக்கலாம், கேமரா அமைப்பிலேயே நிறத்தைத் திருகலாம். வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டி வேறு வழியில் போகிறது: கடைசிச் சுற்றுகளுக்கு வரும் படங்களுக்குக் கேமரா பதிவு செய்த மூல ஃபைலைக் கேட்டு, ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2015 போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்தவற்றில் 20 சதவீதம் அப்படித்தான் நீக்கப்பட்டன. கையில் ஒரு மூல ஃபைல் இருப்பது சந்தேகம் வரும்போது நல்ல சாட்சி. பத்திரிகைக்கு எடுக்கும் ஆசை உள்ளவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவரைப் பற்றி இரண்டே வாக்கியம். விளக்கு அசையாது, பின்திரை மாறாது, வாடிக்கையாளர் கையோடு பிரதி கேட்பார். ராவுக்கு அங்கே வேலையே இல்லை.

நிறம் யாருடையது

ராவில் எடுத்து லைட்ரூமில் திறந்தவுடன் படம் மங்கலாக, சோர்ந்து தெரிகிறது என்பது புதியவர்களின் முதல் புகார். கேமராத் திரையில் பளிச்சென்று இருந்ததே! அங்கே பார்த்தது கேமரா நிறுவனம் செய்து கொடுத்த ஜேபெக்; இங்கே திறந்தது அடோபி நிறுவனம் தன் வழியில் சமைத்த ரா. பலர் அரை மணி நேரம் ஸ்லைடர்களை நகர்த்தி, கடைசியில் கேமரா கொடுத்த நிறத்துக்கே வந்து சேர்கிறார்கள். இந்த வேலைக்கு ராவே வேண்டாம். ஃபியூஜிஃபில்ம் கேமராக்களை வெல்வியா, அஸ்டியா, கிளாசிக் குரோம், ஆக்ரோஸ் என்ற நிற அமைப்புகளுக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. ஃபிலிம் காலத்தில் நிறங்களோடு பல ஆண்டு புழங்கிய நிறுவனம் அது. அவர்களுடைய ஜேபெக்கை ஒதுக்கிவிட்டு ராவில் மட்டும் எடுப்பது எனக்கு வீண் செலவாகத்தான் தெரிகிறது. நிகான், கேனன் பயனர்கள் தங்கள் கேமரா நிறத்தையே ராவிலும் விரும்பினால், அந்தந்த நிறுவனம் இலவசமாகத் தரும் என்எக்ஸ் ஸ்டூடியோ, டிபிபி மென்பொருள்களில் திறந்தால் போதும். கேமராவில் வைத்த அமைப்பு அப்படியே வரும்.

நிறம் என்று வந்துவிட்டதால் ஒரு மனத்தாங்கல். நம் ஊரில் ரா ஃபைல் எடிட்டருடைய கைக்குப் போனால் முதலில் ஏறுவது முகத்தின் வெளுப்பு. மாநிறமானவர் கோதுமை நிறமாகிறார், கறுப்பானவர் மாநிறமாகிறார், தாத்தாவின் முகச் சுருக்கம் எங்கே போயிற்றென்று தெரியாது. கேமராவின் ஜேபெக், "ஸ்கின் சாஃப்ட்" போன்ற சமாசாரங்களை அணைத்து வைத்தால், மனிதரை மனிதராகவே காட்டும். ராவின் சுதந்திரம் நல்லதுதான். யாருடைய கையில் அது இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

செலவாகும் மாலை நேரம்

ஆயிரம் படம் எடுத்த ஒரு நாளுக்குப் பிறகு ராவில் செய்ய வேண்டிய வேலை, தேர்ந்தெடுப்பது, ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், ஏற்றுமதி, எவ்வளவு வேகமானவருக்கும் ஒன்றிரண்டு மாலைகளைத் தின்றுவிடும். ஜேபெக்கில் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. அந்த மாலைகள் உங்களுக்குப் பிடித்த நேரம் என்றால், எடிட் செய்வதிலேயே உங்களுக்கு ஒரு சுகம் இருக்கிறது என்றால், நான் சொல்வதைக் கேட்காதீர்கள், ராவிலேயே எடுங்கள். அது ஒரு தனிக் கலை. ஆனால் அலுவலகம் முடிந்து வந்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, பழைய லேப்டாப்பில் 30 எம்பி ஃபைல் திறக்கும் வரை காத்திருப்பதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்ல மாட்டார்கள்.

மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், இரண்டும் திறமையானவை. கற்றுக்கொள்ளத்தான் பொறுமை வேண்டும். புது கேமரா வாங்கினால் அதன் ரா ஃபைலைப் பழைய மென்பொருள் திறக்காமல் அடம் பிடிப்பதும் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு ரா வகையை வைத்திருப்பதால் வரும் தொல்லை இது. இதைத் தீர்க்கத்தான் அடோபி 2004-இல் டிஎன்ஜி என்ற பொது வகையைக் கொண்டுவந்தது. பெரிய கேமரா நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் வரவில்லை. ஜேபெக்கோ 1992-இல் தரப்படுத்தப்பட்டது. முப்பது வருஷம் தாண்டியும் டிவியிலிருந்து டீக்கடைக்காரர் ஃபோன் வரை எல்லாவற்றிலும் திறக்கிறது.

இரண்டையும் சேர்த்து எடுத்தால்?

ரா பிளஸ் ஜேபெக் என்ற நடுவழி எல்லாக் கேமராவிலும் இருக்கிறது. இரண்டு கார்டு போடும் கேமராவில், ஒன்றில் ரா, இன்னொன்றில் ஜேபெக் என்று வைத்துக்கொள்வது கல்யாணக்காரர்களுக்கு மிகவும் வசதி. அன்று மாலையே பத்து நல்ல ஜேபெக்கை மணமக்களுக்கு அனுப்பிவிட்டு, ஆல்பத்துக்கு ராவை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கார்டு போனாலும் மற்றொன்று இருக்கும். கற்றுக்கொள்பவருக்கும் நல்லது: கேமரா என்ன முடிவெடுத்தது, நாம் என்ன எடுத்திருப்போம் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இதையே நிரந்தரப் பழக்கமாக்கினால் எல்லாப் படமும் இரட்டையாகச் சேர்ந்து, எதை அழிப்பது என்று தெரியாமல் இரண்டையும் அழிக்காமல் வைத்திருப்பீர்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது, கேமராவுக்குள்ளேயே ராவை ஜேபெக்காக மாற்றும் வசதி. நிகான், ஃபியூஜிஃபில்ம், கேனன் கேமராக்கள் பலவற்றில் உண்டு. ராவில் எடுத்த படத்தைத் திறந்து, ஒயிட் பேலன்ஸை மாற்றி, நிழலை ஒரு படி ஏற்றி, அங்கேயே ஜேபெக்காக்கி ஃபோனுக்கு அனுப்பிவிடலாம். ரயிலில் திரும்பி வரும்போதே வேலை முடிந்துவிடும். கம்ப்யூட்டரே வேண்டாம்.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி. ஃபோன் ஒரு படம் என்று காட்டுவது பெரும்பாலும் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கியது. அதே ஃபோனில் சாதாரண ராவை இயக்கினால் பல சமயம் ஒரே ஒரு ஃப்ரேம்தான் கிடைக்கும். சின்ன சென்சாரின் நாய்ஸ் எல்லாம் அதில் தெரியும். ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்த புரோரா இதற்கு விதிவிலக்கு, அடுக்கிய பிறகுதான் பதிவு செய்கிறது. ஆனால் ஃபைல் ரொம்பப் பெரியது. சாதாரணமாக எடுப்பவர் ஃபோனை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

சரி, ஜேபெக் என்று முடிவு செய்துவிட்டீர்கள். கேமரா பெட்டியிலிருந்து வந்த அமைப்பிலேயே எடுக்காதீர்கள். தரத்தை "ஃபைன்" அல்லது அதற்கும் மேலே, அளவை "லார்ஜ்" என்று வையுங்கள். நிற இடம் (படத்தில் பதிவாகும் நிறங்களின் எல்லை) எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபியில் எடுத்த ஃபைலை லேப்புக்குக் கொடுத்தால் சோர்ந்த நிறத்தில் அச்சாகி வர வாய்ப்புண்டு. ஷார்ப்னஸையும் நாய்ஸ் குறைப்பையும் ஒரு படி குறைத்துவிடுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம், நீக்க முடியாது. வெளியில் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸை "வெயில்" என்று நிறுத்தி வைத்தால் மாலை வெளிச்சத்தின் பொன்னிறத்தைக் கேமரா திருத்திக் கெடுக்காது. திருத்தம் செய்தால் வேறு பெயரில் சேமியுங்கள். அதே ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கழியும்.

கடைசியாக ஒரு பட்டன். நிகான், ஃபியூஜிஃபில்ம், பென்டாக்ஸ் கேமராக்கள் பலவற்றில் ஒரு பட்டனுக்கு ராவை ஒதுக்கி வைக்கலாம். நீங்கள் ஜேபெக்கில் எடுத்துக்கொண்டே இருக்கலாம். அந்தப் பட்டனை அழுத்தினால் அடுத்த படத்துக்கு ராவும் சேர்ந்து பதிவாகும். உங்கள் கேமரா மெனுவில் இது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, விரல் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஊதா விளக்கு எரிய ஆரம்பித்தால் அழுத்துங்கள்.